தலையில் கொத்தும் காகமும் பின்னால் நடக்கும் நாரையும்

“காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு” என்பது நாம் எல்லாரும் சிறு வயதில் கேட்ட பழமொழி. பிள்ளைப் பாசத்தைக் கிண்டல் செய்யத்தான் பெரும்பாலும் அதைச் சொல்கிறோம். ஹெப்பகோடியில் குடியிருப்பவர்களுக்கு அது வெறும் கிண்டல் அல்ல. ஆண்டுதோறும் தை பிறந்ததிலிருந்து ஆனி முடியும் வரை அந்தப் பழமொழி நம் தலைக்கு மேலேயே பறந்து வருகிறது. சில நேரம் தலையில் ஒரு கொத்தும் கொத்திவிட்டுப் போகிறது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கோடையில் ஒரே வாரத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. மொட்டை மாடியில் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்த ஏழு வயதுச் சிறுமியின் கையிலிருந்து ஒரு பருந்து அதைப் பறித்துக்கொண்டு போனது. குழந்தையின் விரலில் நகக் கீறல். மூன்று நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டி கழுவ மேலே போனவர் பின்மண்டையில் அடி வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார். காம்பவுண்டு ஓரத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் பருந்துக்கூடு இருந்தது. உடனே குடியிருப்போர் கூட்டம் கூடியது. “மரத்தையே வெட்டிவிட்டால் தொல்லை விட்டது” என்று எழுதிய தாள் கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. குழந்தையைப் பெற்றவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டு மின்சாரப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபியூஸ் போனால் புது ஃபியூஸ் போடும் முன் ஏன் போனது என்று பார்க்க வேண்டும். பறவை விஷயத்திலும் அப்படிப் பார்த்ததில் தெரிந்தவற்றை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அடி இரண்டு, காரணமும் இரண்டு

முதலில் நம் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் சந்தாபுரத்துக்கும் நடுவே, பொம்மசந்திரா தொழிற்பேட்டையை ஒட்டி இருப்பது ஹெப்பகோடி. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்ட பிறகு நமக்கென்று ஒரு நிலையமும் வந்துவிட்டது. ஏரி இருக்கிறது. உயரமான யூகலிப்டஸ், சில்வர் ஓக் மரங்களும் செல்போன் கோபுரங்களும் மின்கோபுரங்களும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே கோழி, மீன் கடைகளும் குப்பைத் தொட்டிகளும் இருக்கின்றன. பருந்துக்கு வேறென்ன வேண்டும்? வீடும் கிடைத்தது, மெஸ்ஸும் கிடைத்தது.

நம் தலைக்கு மேல் வட்டமிடுவது பெரும்பாலும் கவட்டை வால் கொண்ட பழுப்பு நிறக் கள்ளப்பருந்து. வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் உள்ள கருடன் வேறு. கள்ளப்பருந்தின் சிறகு விரிப்பு ஏறக்குறைய ஐந்து அடி. எடையோ ஒரு கிலோவுக்கும் குறைவு. பார்க்கப் பெரிதாக இருந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு அதற்குத் தெம்பு கிடையாது. தாய்மார்கள் அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

எங்கள் குடியிருப்பில் நடந்த இரண்டையும் எல்லாரும் “பருந்து தாக்குகிறது” என்ற ஒரே கணக்கில் எழுதினார்கள். உண்மையில் அவை இரண்டும் வெவ்வேறு. பஃப்ஸைப் பறித்தது பசி. அது எந்த மாதத்திலும் எந்த இடத்திலும் நடக்கும். பருந்தின் குறி தின்பண்டத்தின் மேல்தான், பிள்ளையின் மேல் அல்ல. தொட்டி கழுவப் போனவரை அடித்தது பெற்ற பாசம். அது கூட்டுக்கு அருகில் மட்டும், குறிப்பிட்ட சில வாரங்கள் மட்டும், பெரும்பாலும் பின்னாலிருந்து வரும். பருந்து ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சு பொரித்துப் பறக்க மேலும் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். குஞ்சு வளர வளரத் தாய் தகப்பனின் ஆவேசமும் கூடும். பறக்கத் தொடங்கிய பிறகு படிப்படியாகத் தணிந்துவிடும்.

டெல்லியில் பல ஆண்டுகளாகப் பருந்துகளை ஆராய்ந்துவரும் ஒரு குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே நமக்கு உதவும். பழைய டெல்லியில் நேர்த்திக்காக இறைச்சித் துண்டுகளை வானத்தில் வீசிப் பருந்துகளுக்குப் போடும் வழக்கம் உண்டு. அப்படிப் போடும் இடங்களுக்கு அருகிலும், குப்பையும் மனித நடமாட்டமும் மிகுந்த இடங்களிலும் கூடு கட்டிய பருந்துகளே மனிதர்களைத் துணிந்து தாக்குகின்றன என்று கண்டார்கள். நம் கையால் தின்று பழகிய பறவைக்கு நம்மிடம் பயம் விட்டுப்போகிறது. பயம் போனால் துணிச்சல் வரும். பெங்களூரிலும் கோழிக் கழிவை மேலே வீசி வேடிக்கை பார்க்கிறவர்கள் உண்டு. அந்த வேடிக்கைக்கு விலை கொடுப்பது மொட்டை மாடியில் நிற்கும் அடுத்த வீட்டுக் குழந்தை.

காகமும் 25,000 வோல்ட்டும்

காகத்தோடு எனக்கு உத்தியோக ரீதியான பழக்கம் அதிகம். மின்சார ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். அந்தக் கம்பியைத் தாங்கும் கம்பத்தின் கைகளில் காகம் கூடு கட்டும். மரக்குச்சியால் கட்டினால் பெரிய குறை இல்லை. ஆனால் வேலை நடக்கும் இடங்களில் சிதறிக் கிடக்கும் கட்டுக்கம்பி, வயர் துண்டு இவற்றையெல்லாம் கொண்டுவந்து காகம் மாளிகை கட்டும். ஒரு கம்பி சரிந்து இன்சுலேட்டரின் குறுக்கே விழுந்தால் போதும், துணை மின்நிலையத்தில் பிரேக்கர் ட்ரிப் ஆகும். ரயில்கள் நிற்கும். பயணிகள் ஏ.சி. பெட்டியில் வியர்த்துக்கொண்டு எங்களைத் திட்டுவார்கள். காகம் காரணம் என்றால் யார் நம்புவார்?

அதனால் கோடைக்கு முன்பே ஆள் விட்டுக் கம்பம் கம்பமாகப் பார்ப்போம். முட்டை வைக்கும் முன்பே, கூடு ஆரம்ப நிலையில் இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் நல்லது. மின்சாரத்தை நிறுத்தி, இரு பக்கமும் எர்த் மாட்டி, டவர் வேகனில் ஏறி எடுப்போம். மறுநாள் தர்மபுரிப் பக்கத்து ஊழியர் ஒருவர் வந்து என்னிடம் சொன்னார்:

“ஐயா, நாங்க அஞ்சு பேர் போனோமுங்க. கூட்டப் பிரிச்சது நான். இன்னிக்கு அஞ்சு பேர் நடுவுல என்ன மட்டும் தேடி வந்து கொத்துதுங்க.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதம் அந்தப் பகுதியில் ஹெல்மெட் இல்லாமல் அவர் நடக்கவே இல்லை. முகத்தை அடையாளம் கண்டுதான் வருகிறது என்று அவர் சத்தியம் செய்தார். அவர் சொன்னதை அறிவியலும் ஒப்புக்கொள்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்காட்டிக் குருவியின் கதை வேறு. அது மரம் ஏறாது. திறந்த தரையிலேயே முட்டையிடும். தண்டவாள ஓரத்து ஜல்லிக்கல் அதற்குப் பிடித்த இடம். முட்டையும் கல்லும் ஒரே நிறம், ஒரே புள்ளி. தினம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும் கீமேன்கூட மிதிக்கும் தூரத்தில் வந்த பிறகுதான் கண்டுகொள்வார். அதற்குள் தாயும் தகப்பனும் கத்திக்கொண்டு தலைக்கு நேரே பாய்ந்து வரும். ஆனால் இடிக்கும் தறுவாயில் விலகிவிடும். எத்தனையோ டன் எடையுள்ள ரயில் மேலே ஓடினால் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பறவை, மனிதன் நடந்து வந்தால் மட்டும் ஊரைக் கூட்டும். ரயிலால் தன் முட்டைக்கு ஆபத்து இல்லை, மனிதனால் உண்டு என்று அது கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. கணக்குத் தப்பு என்று சொல்ல நமக்கு வாய் இல்லை.

முகம் மறக்காத பறவைகள்

அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் ஒரு சோதனை செய்தார்கள். பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் ஆதிமனிதன் முகமூடி அணிந்துகொண்டு ஏழு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அதன்பிறகு அந்த முகமூடியோடு யார் வளாகத்தில் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. வேறு முகமூடி போட்டால் கண்டுகொள்ளவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கத்தும் காகங்களின் எண்ணிக்கை கூடியது. வலையில் சிக்காத காகங்களும், சோதனைக்குப் பிறகு பிறந்த காகங்களும்கூடச் சேர்ந்துகொண்டன. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது நம் வீட்டில் மட்டும் நடப்பதல்ல.

அது அயல்நாட்டுக் காகம் என்று தள்ளிவிட வேண்டாம். 2019-ல் மத்தியப் பிரதேசம் சிவபுரி மாவட்டத்துக் கூலித் தொழிலாளி ஒருவரைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. இரும்பு வலையில் மாட்டிக்கொண்ட காக்கைக் குஞ்சைக் காப்பாற்ற முயன்றிருக்கிறார். குஞ்சு அவர் கையிலேயே இறந்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று ஆண்டுகளாக அவர் வீட்டை விட்டு வெளியே வந்தாலே காகங்கள் பாய்ந்து கொத்துகின்றன என்பதுதான் செய்தி. கையில் கம்பில்லாமல் அவர் நடப்பதில்லை. உதவப் போன மனிதனைக் கொலைகாரன் என்று நினைத்துவிட்டன. காகத்திடம் போய் யார் எடுத்துச் சொல்வது?

ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருக்கும் நம் அன்பர்களுக்கு மேக்பை பறவையைப் பற்றித் தெரிந்திருக்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அங்கே தபால்காரரும் சைக்கிள்காரரும் அதற்குப் பயந்து ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் பட்டைகளை முள்போல் நட்டுக்கொண்டு போவார்கள். பாய்வது ஆண் பறவை மட்டும். அதிலும் பத்தில் ஒன்றுதான் பாயும். ஆனாலும் நகராட்சிக்காரர்கள் அந்த வாரங்களில் எச்சரிக்கைப் பலகை வைத்துவிட்டு, மனிதர்களைத்தான் சுற்றிப் போகச் சொல்கிறார்கள்.

அன்பு காட்டும் பறவை

இதுவரை அடியைப் பார்த்தோம். இனி அணைப்பு. உத்தரப் பிரதேசம் அமேதி மாவட்டத்தில் 2022-ல் ஒரு விவசாயி, கால் ஒடிந்து வயலில் கிடந்த சாரஸ் கொக்கைக் கண்டார். சாரஸ் என்பது ஆள் உயரம் வளரும் பெருநாரை, அந்த மாநிலத்தின் பறவை. வீட்டுக்கு எடுத்துச் சென்று கட்டுப்போட்டுக் காப்பாற்றினார். கால் குணமான பிறகு அது பறந்து போய்விடும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். போகவில்லை. அவர் நடந்தால் பின்னால் நடந்தது. மோட்டார் சைக்கிளில் போனால் தலைக்கு மேலே கூடவே பறந்தது. அவர் தட்டிலேயே சாப்பிட்டது. அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்க்காத இந்தியர் குறைவு.

முடிவு அவ்வளவு இனிப்பானதல்ல. 2023 மார்ச்சில் வனத்துறை அந்தப் பறவையை எடுத்துச் சென்றது. முதலில் ரேபரேலி அருகே ஒரு சரணாலயத்தில் விட்டார்கள். அது அங்கே தங்காமல் மனிதர்களைத் தேடிப் போனது. பிறகு கான்பூர் விலங்குக்காட்சிச் சாலைக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவர் பார்க்கப் போனபோது கம்பிக்குப் பின்னால் நின்று அது துள்ளிக் குதித்தது. வனத்துறை செய்தது சரியா தவறா என்று நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. சட்டத்தின்படி காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. மனிதாபிமானத்தின்படி அந்த விவசாயி செய்ததில் குற்றம் காண முடியவில்லை. இருவருக்கும் நடுவில், சாரஸ் கொக்காக வாழத் தெரியாமல் போனது அந்தப் பறவைதான்.

இதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரென்ஸ் 1930-களில் வாத்துக் குஞ்சுகளை வைத்து ஆராய்ந்தார். முட்டையிலிருந்து வந்தவுடன் எதைப் பார்க்கிறதோ அதையே தாய் என்று குஞ்சு மனத்தில் பதித்துக்கொள்ளும் என்று காட்டினார். அவரையே தாய் என்று நம்பி வரிசையாகப் பின்னால் நடந்த குஞ்சுகளின் படம் பிரசித்தம். 1973-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அமேதிப் பறவை குஞ்சு அல்ல. ஆனாலும் உயிர் போகும் நேரத்தில் கிடைத்த உணவும் பாதுகாப்பும் அதைக் கட்டிப் போட்டுவிட்டன.

கட்டிப் போடாத அன்பும் உண்டு. நம் திருக்கழுக்குன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் உச்சி வேளையில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலோடு காத்திருக்க, இரண்டு வெண்கழுகுகள் வந்து உண்டுவிட்டுப் போகும். காசியில் நீராடி இராமேசுவரம் போகும் வழியில் வருகின்றன என்பது நம்பிக்கை. நம்மில் மூத்தவர்கள் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். யாரும் அவற்றைப் பிடிக்கவில்லை, கூண்டில் அடைக்கவில்லை. 1990-களின் இறுதியில் அவை வருவது நின்றுபோயிற்று. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர் மாடியில் பலகை வைத்து அரிசி போட, ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் வந்து தின்றுவிட்டுப் பறந்து போனதும் அப்படித்தான். வரவும் போகவும் அவற்றுக்கு உரிமை இருந்தது.

எங்கள் குடியிருப்பில் என்ன செய்தோம்

கூட்டத்தில் நான் இரண்டே விஷயம் சொன்னேன். ஒன்று, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையைச் சேதப்படுத்துவதும் வேட்டையாடுவதற்குச் சமமான குற்றம். இரண்டு, மரத்தை வெட்டினால் பருந்து அடுத்த மரத்துக்குப் போகும். பஃப்ஸைப் பறிக்கும் பருந்து மட்டும் இங்கேயே இருக்கும். காரணத்தை எடுக்காமல் கம்பத்தை எடுத்தால் பயன் இல்லை.

அந்தச் சிறுமியின் தாயார் எழுந்து, “சரிங்க சார், அதுவரைக்கும் என் பிள்ளை மாடிக்கே போகக்கூடாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேசிப் பேசிக் கடைசியில் எல்லாரும் ஒப்புக்கொண்டவை இவை:

மொட்டை மாடியில் தின்பண்டம் கூடாது. விளையாட்டுக்குத் தடை இல்லை, கூடு இருக்கும் மூலையைத் தவிர. குஞ்சு பறக்கும் வரை தொட்டி கழுவுவதைத் தள்ளிப் போடுவது. அவசரமானால் குடையோ ஹெல்மெட்டோ இல்லாமல் ஏறுவதில்லை. இறைச்சிக் கழிவை மூடிய தொட்டியில் மட்டும் போடுவது, பருந்துக்கு யாரும் வீசக்கூடாது. கீறல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுவது. மாடிப்படியில் ஒரு பலகை, தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்.

கையெழுத்துத் தாள் மடித்து வைக்கப்பட்டது. அந்த ஆண்டு இரண்டு குஞ்சுகள் பறந்தன. அதன்பிறகு தொட்டியும் கழுவினோம்.

காக்கைக்குச் சோறு வைக்கும் நம் வழக்கத்தை விட வேண்டியதில்லை. கூடில்லாத பக்கத்துச் சுவரில் ஒரு பிடி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கையில் வைத்து ஊட்டிப் பழக்க வேண்டாம். தரையில் தத்தும் காக்கைக் குஞ்சைக் கண்டால் உடனே எடுத்து வீட்டுக்குள் வைக்காதீர்கள். பெரும்பாலும் அது பறக்கப் பழகும் குஞ்சுதான், பெற்றோர் மேலே இருக்கும். நாய் பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகினால் போதும். பட்டத்து மாஞ்சா நூலில் சிக்கிச் சிறகு அறுந்த பருந்தைக் கண்டால், காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்துக் கெங்கேரியிலுள்ள வனவிலங்கு மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கிராமத்தாரிடம் கற்க வேண்டியது

நம் ஊரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில், மத்தூர் அருகே கொக்கரெ பெள்ளூர் என்ற கிராமம் இருக்கிறது. பெயரிலேயே நாரை இருக்கிறது. வண்ண நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டு வாசல் புளிய மரங்களில் கூடு கட்டும். எச்சமும் நாற்றமும் சத்தமும் கொஞ்சமல்ல. ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் பறவைகளைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள்கள் என்கிறார்கள். மகள் வந்திருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் போலக் குறை சொல்லலாமா? 2007-ல் அரசு அந்த ஊரைச் சமுதாயக் காப்பகமாக அறிவித்தது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளாமல் இருக்கத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

அதே மாவட்டத்தில் பொத்தகுடி என்ற ஊரில் 2020-ல் நடந்தது, மின்சாரத்தோடு வாழ்நாளைக் கழித்த என்னை மிகவும் தொட்டது. தெருவிளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. விளக்குப் போடும் பொறுப்பில் இருந்த இளைஞர் அதைப் பார்த்து ஊராரிடம் சொன்னார். இருட்டில் எப்படி நடப்பது என்று சிலர் கேட்டார்கள். பேசி முடிவு செய்தார்கள். முட்டை பொரித்துக் குஞ்சு பறக்கும் வரை ஏறக்குறைய 35 நாட்கள் அந்தத் தெருக்களில் விளக்கே எரியவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் நடந்தார்கள்.

நம்மைக் கொத்தும் காகம் நம்மிடம் கேட்பது ஐந்தாறு வாரம் வழி விட வேண்டும் என்பதுதான். பருந்து கேட்பது மூன்று மாதம். ஆட்காட்டி கேட்பது ஒரு மாதத்துக்கும் குறைவு. நாமும் பிழைக்க வந்த ஊரில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்க யாரோ சிலர் வழி விட்டதால்தான் இங்கே இருக்கிறோம். அடுத்த தை மாதம் மாடிக்குப் போகும்போது குடையை எடுத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கூட்டிலிருந்து தள்ளி நின்று மேலே காட்டுங்கள்.